மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தில் பதிந்த பெரிய இழுவை லோரி பேரா மாநிலத்துக்கு வந்துவிட்டது, நம்பர் மாற்ற வேண்டுமா?

குளுவாங் தோ லோரி:

வணக்கம் அண்ணன்மார்களே. குளுவாங்கில் பதினோரு வருடமாக இழுவை லோரி ஓட்டினேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அதனால் குடும்பத்தோடு பேராவில் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். வண்டியையும் கொண்டுவந்தாயிற்று. மூன்று அச்சு, பழைய பிரைம் மூவர் (டிரெய்லர் இழுக்கும் தலை வண்டி) சேசிஸ், பின்னால் தூக்கும் கையான பூமும், பழுதான லோரியைக் கீழிருந்து தூக்கும் அண்டர்லிஃப்டும். என் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) பெயரில் இருக்கிறது, ஆபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) கொடுத்த ஏ லைசன்ஸ் உண்டு. நம்பர் ஜே எழுத்தில்.

இங்கே மழைக்காலத்தில் தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓரத்து வாய்க்காலில் இறங்கிவிடுகின்றன. எஞ்சின் போன லோரியை இழுக்க ஈப்போவிலிருந்து வண்டி வரும்வரை டிரைவர் மழையில் நிற்கிறார். அந்த வேலையைத்தான் நம்பி வந்தேன்.

ஒரு ஏஜெண்ட் சொல்கிறார்: பேராவில் ஓட வேண்டுமென்றால் ஏ எழுத்து நம்பர் எடுத்தே ஆக வேண்டுமாம், மறுபதிவுக்கு 1,800 ரிங்கிட் ஆகுமாம். இல்லையென்றால் இங்கே இருக்கும் என் தம்பியின் கம்பெனி பெயருக்கு மாற்றிவிடு, அது சுலபம் என்கிறார். அடுத்த மாதம் புஸ்பாகோம் வாகனத் தகுதிச் சோதனை வேறு வருகிறது. அதற்குக் குளுவாங் வரைக்கும் ஓட்டிப் போக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ பட்டறை:

தம்பி, அந்த ஆளிடம் ஒரு காசும் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் ஒரு தடவை பதிந்த நம்பர் வண்டியை உடைக்கப் போடும்வரை அதேதான், நீங்களாக விரும்பி மாற்றினால் ஒழிய. ஜே எழுத்து வண்டி முதலில் எங்கே பதிவானது என்பதை மட்டும் காட்டுகிறது. எங்கள் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றால் சிலாங்கூர் பி, பினாங்கு பி எழுத்து, கெடா கே என்று எல்லாம் வரும். அவர்கள் எல்லோரும் மறுபதிவு செய்தவர்களா? 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். மாநிலம் மாறியதற்காகத் தனியாக ஒரு பதிவு கிடையாது.

மாற வேண்டியது முகவரி. முதலில் எஸ்எஸ்எம் (கம்பெனிப் பதிவு ஆணையம்). கம்பெனியின் பதிவு அலுவலகம் மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், உங்கள் கம்பெனிச் செயலாளர் அதைச் செய்துகொடுப்பார். அந்தத் தாள் கைக்கு வந்ததும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), அப்புறம் ஆபாட். இந்த வரிசையில் போனால் ஒரே கவுண்டருக்கு இரண்டு முறை அலைய வேண்டியிராது.

சோதனைக்குக் குளுவாங் போகத் தேவையில்லை. வர்த்தக வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை, அதை எந்தக் கிளையிலும் செய்யலாம். ஈப்போவுக்கே தேதி எடுங்கள்.

ஈப்போ பட்டறை:

மேலே பினாங்கைத் தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். சிலாங்கூருக்கு ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து, பினாங்குக்குப் பதினாறாம் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் பி ஆகிவிடுகிறது.

கிராணி மகன்:

ஏ லைசன்ஸ் பற்றி நான் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஸ்பாட் (தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம்) கொடுத்து வந்தது. 2019 ஜனவரியிலிருந்து அந்த வேலையை ஆபாட் பார்க்கிறது. தீபகற்பம் முழுக்க அவர்கள்தான், அதனால் குளுவாங்கில் எடுத்தது சுங்கை சிப்புட்டுக்கும் ஆகும்.

தம்பி பெயருக்கு மாற்றுவதுதான் இதில் பெரிய குழி. லைசன்ஸ் உங்கள் கம்பெனிக்குக் கொடுத்தது, வண்டியை விற்றால் கூடவே போகாது. உங்கள் பெர்மிட்டை நீக்க வேண்டும், உங்கள் தம்பியின் கம்பெனி ஏ லைசன்ஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சி லைசன்ஸ் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், அது சொந்தச் சரக்கு ஏற்றுவதற்கு. கூலிக்கு அடுத்தவர் லோரியை இழுக்க ஏ வேண்டும். லைசன்ஸ் வரும்வரை வண்டி வாசலில் நிற்கும், வீட்டில் சோறு எப்படி வேகும்?

தாவாவ்காரன்:

இடையில் ஒரு கேள்வி. என் மச்சான் சபாவுக்கு ஒரு தோ லோரி (இழுவை லோரி) கொண்டுவரப் பார்க்கிறார். அவருக்கும் இதே வழிதானா?

கிராணி மகன்:

இல்லை ஐயா. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனி வர்த்தக வாகன லைசன்ஸ் வாரியம் இருக்கிறது, சாலை வரிக் கட்டணமும் வேறு. கப்பலில் ஏற்றும் முன்னால் சபா வாரியத்திடம் பேசச் சொல்லுங்கள்.

குளுவாங் தோ லோரி:

ரொம்ப நன்றி அண்ணே. ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயலாளரிடம் முகவரித் தாளும் கொடுத்தாயிற்று.

ஆனால் புதிதாக ஒன்று கிளம்பிவிட்டது. கதவில் பழைய குளுவாங் முகவரியைச் சுரண்டும்போது கீழே எழுதியிருந்த எடையைப் பார்த்தேன். பிடிஎம் (பாரம் ஏற்றாத எடை) 11,200 கிலோ. கிரானிலும் (வண்டிப் பதிவுச் சான்று) அதேதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் முன் பம்பருக்குப் பின்னால் இரும்புப் பலகை வைத்தார்கள், அண்டர்லிஃப்டையும் பெரியதாக மாற்றினார்கள். அதற்குத் தாள் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இது சோதனையில் மாட்டுமா? பலகையைக் கழற்றிவிடலாமா?

ஈப்போ பட்டறை:

கழற்றாதீர்கள் தம்பி! அந்தப் பலகை வெறும் பாரம் இல்லை, முன்பக்கத்தைக் கீழே அழுத்திப் பிடிப்பது அதுதான். அண்டர்லிஃப்ட் பின் டயருக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு லோரியின் மூக்கைத் தூக்கினால் உங்கள் பின் அச்சு தராசின் நடுமுள் மாதிரி ஆகிவிடும். பின்னால் எவ்வளவு அழுத்துகிறதோ, முன்னால் அதற்கேற்ப எழும்பும். முன் டயரில் பாரம் குறைந்தால் ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும், திருப்பினாலும் வண்டி நேராகப் போகும், முன் பிரேக்கும் பிடிக்காது. மெனோரா மலைச் சரிவில் இறங்கும்போது அப்படி ஆனால் என்ன கதி?

முதலில் உண்மையான எடை தெரிய வேண்டும். பக்கத்தில் இருக்கும் செம்பனை ஆலையில் டிம்பாங் (லோரி எடை மேடை) இருக்கும், அங்கே கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) கேளுங்கள், நல்ல மனது இருந்தால் எடை போட்டுக் கொடுப்பார். சங்கிலி, ஜாக்கி, மரக்கட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போடுங்கள். இரண்டு தடவை போடுங்கள்: முழு வண்டி ஒரு தடவை, முன் டயர் மட்டும் மேடையில் ஏறி நிற்க ஒரு தடவை.

குளுவாங் தோ லோரி:

போட்டேன் அண்ணே. முழு வண்டி 12,840, முன் அச்சு 5,460. சீட்டு இரண்டும் கையில் இருக்கிறது. கிரானைவிட 1,640 கிலோ கூடுதல். பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

ஈப்போ பட்டறை:

பயப்படாதீர்கள், வழி இருக்கிறது. இது மாற்றியமைத்த வண்டி, அதனால் ஜேபிஜேயின் வாகனப் பொறியியல் பிரிவில் அனுமதி கேட்க வேண்டும். பாடி கட்டும் வேலைக்குப் பதிவுள்ள பட்டறையில் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். பலகை எங்கே இருக்கிறது, எத்தனை போல்ட், அண்டர்லிஃப்ட் எவ்வளவு நீளம், எல்லாம் அதில் இருக்கட்டும். அனுமதி வந்ததும் சோதனையில் காட்டி எடையைப் புதுப்பித்து, கிரானிலும் மாற்றிக்கொள்ளுங்கள். கதவில் புது எடையை அதற்கப்புறம் எழுதுங்கள். சரக்கு வண்டிக்குச் சாலை வரியை எடையை வைத்துத்தான் போடுகிறார்கள், அது மாறுகிறதா என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

கிராணி மகன்:

இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லுங்கள். வண்டியை மாற்றியதை மறைத்தால் விபத்தின்போது அதையே காரணம் காட்டுவார்கள். இன்னொன்று: நீங்கள் இழுத்துப் போகும் லோரிக்குச் சேதம் வந்தால் சாதாரண வண்டிக் காப்புறுதி கொடுக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். எத்தனையோ தோ லோரிக்காரர்கள் இதைத் தெரியாமல் கைக்காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

குளுவாங் தோ லோரி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எஸ்எஸ்எம், ஜேபிஜே, ஆபாட் மூன்றிலும் சுங்கை சிப்புட் முகவரி ஏறிவிட்டது. சோதனைத் தேதியைத் தள்ளி வைத்தேன், அனுமதி வரும்வரை வண்டியை எடுக்கவில்லை. அந்த நாட்களில் தம்பியின் சின்ன லோரியைச் சம்பளத்துக்கு ஓட்டினேன். வரைபடம் ஒருமுறை திரும்பி வந்தது, போல்ட் அளவு போடவில்லை என்று. இரண்டாவது முறை அனுமதி கிடைத்தது. சோதனைக்குப் போனபோது வண்டியின் கீழே புகுந்து பார்த்தவர் சேசிஸ் நம்பரைத்தான் ரொம்ப நேரம் தேடினார், துரு மூடியிருந்தது. போகும் முன்னாலேயே கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள். தேய்க்க வேண்டியது துருவை மட்டும், நம்பரில் கைவைக்கக் கூடாது.

நேற்று கதவில் பெயிண்டர் 12,840 என்று வெள்ளையில் எழுதினார். நம்பர் பிளேட்டில் அதே ஜே. வரைபடத்தின் நகல் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.