பால்மா இல்லாத நாட்களில் கண்டது: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

வெள்ளவத்தை வாசி

2022 மார்ச், கொழும்பு. டொலர் இல்லாமல் இலங்கை ரூபாயை மிதக்கவிட்ட (அதன் மதிப்பைச் சந்தையிடம் விட்ட) பிறகு வந்த வாரங்கள். பின்னணி எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

கடையில் பால்மா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். 400 கிராம் பைக்கற் 790 ரூபாய். முந்தைய ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலையை எடுத்தபோது அது 480 ஆனது, அதையே அநியாயம் என்று பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இராது, இடுப்பில் குழந்தை. "முடிஞ்சுது தங்கச்சி" என்றார் கடைக்காரர். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் கிட்டப் போனதும் அவர் குனிந்து, சீனி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பைக்கற்றை எடுத்தார். பழைய பேப்பரில் சுற்றி, நான் கேட்கும் முன்பே என் பைக்குள் வைத்தார். மாதச் சாமான் முழுவதும் அவரிடம்தான் வாங்குகிறேன், அதற்காக. நான் உடனே வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். கொழும்பு–காலி வீதி முழுக்கச் சனம். அவளைக் காணவில்லை.

அந்தக் கை மூட்டைக்குப் பின்னால் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடையிலும் வீட்டிலும் ஒளித்து அடுக்கியவர்களால்தான் அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் போனது என்பது என் எண்ணம்.

கொக்குவில் மாமி

தம்பி, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது. ஆனால் வீட்டில் அடுக்குகிறவர்களையும் கடையில் ஒளிக்கிறவர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 1990 ஆனியில் சண்டை தொடங்கி, பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஒரு மாத அரிசி வீட்டில் இல்லாவிட்டால் நித்திரை வராது. பற்றரி இல்லை, மெழுகுதிரி இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் என் மூத்தவள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்தாள். உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழம் போட்டுத் தோய்த்திருக்கிறோம்.

நான் எழுத வந்தது 2006. ஆவணியில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியான ஏ9 பாதையைப் பூட்டினார்கள். சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) கூப்பனுக்கு வரிசை, கப்பல் வந்தால்தான் சாமான். அந்த நேரம் பக்கத்து வளவில் ஒரு செத்தவீடு. வருகிற சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும், வீட்டில் ஒரு கரண்டி சீனி இல்லை. செத்தவரின் மகள், அழுது வீங்கின முகத்தோடு, குசினி வாசலில் குந்தியிருந்து பாக்குவெட்டியால் பனங்கட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துண்டும் கச்சான் பருப்பளவு. வெட்டி வெட்டி ஒரு தட்டில் எண்ணி வைக்கிறாள். தகப்பனின் பிரேதம் விறாந்தையில் கிடக்கிறது, இவள் ஆளுக்கு ஒரு துண்டு வருமா என்று எண்ணுகிறாள்.

என்னிடம் லக்டோஜன் ரின் ஒன்றில் சீனி இருந்தது. பாதை பூட்டுவதற்கு முன் வாங்கி வைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர் வீட்டு ரீச்சரும் ஒரு சரை கொண்டுவந்தா. நாங்கள் வாங்கி வைக்காமல் இருந்திருந்தால் அந்தச் செத்தவீட்டுக்கு எங்கேயிருந்து சீனி வந்திருக்கும்? கேட்கிறேன், சொல்லுங்கள்.

வவுனியா கடைக்காரன்

முதல் பதிவு எழுதிய ஐயாவுக்கு. நானும் மூட்டைக்குப் பின்னால் வைத்தவன்தான். ஏன் என்று கேளுங்கள்.

டொலர் இல்லை, இறக்குமதிக்காரருக்கு வங்கியில் எல்.சி. (பணத்துக்கு வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) திறக்க முடியவில்லை, துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் கிடந்தன. கொஞ்ச நஞ்சம் வருவதையும் விநியோக லொறிக்காரர் சும்மா தரமாட்டார். பால்மா வேண்டுமென்றால் ஓடாத பிஸ்கட்டையும் சேர்த்து எடு என்பார். எடுத்தேன். பெட்டியைத் திறந்து தட்டில் அடுக்கினால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். யார் முதலில் வருகிறார்? மோட்டார் சைக்கிள் உள்ளவர், வீட்டில் சும்மா இருப்பவர், போனில் செய்தி கிடைத்தவர். கூலிக்குப் போய்விட்டுப் பின்னேரம் ஐந்து மணிக்கு வருகிற தாய்க்கு ஒன்றும் மிஞ்சாது.

அதனால் கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பகுதியில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளை எழுதி வைத்தேன். வந்ததை ஒளித்து வைப்பேன், அவர்களுக்கு மட்டும் எடுப்பேன். ஒருநாள் வான் ஒன்றில் வந்தவர், இருக்கிற அவ்வளவையும் தா, விலையைப் பற்றிப் பேசாதே என்று ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை மேசையில் விசிறினார். முடிஞ்சுது என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டார். "பதுக்கல்காரன், பொலிசுக்குச் சொல்லுறேன்" என்று ஊர் கேட்கக் கத்தினார். கடை வாசலில் நின்ற சனமும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. அப்போது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு தாய் முன்னுக்கு வந்து, கொப்பியைக் கையில் தூக்கி, அந்தப் பக்கத்தைச் சனத்துக்குத் திருப்பிப் பிடித்தா. வாய் திறக்கவில்லை. சனம் விலகிவிட்டது.

2021 ஓகஸ்ட் 30 அன்று அவசரகாலச் சட்டம் போட்டு, பதுக்கல் பிடிக்கிறோம் என்று களஞ்சியங்களை உடைத்தார்களே, அதனால் ஒரு மாதத்துக்கு மேல் சீனி ஓடியதா? ஓடவில்லை. சாமான் நாட்டுக்குள் வரவில்லை, அதுதான் நோய். உங்கள் கடைக்காரர் செய்தது எனக்கும் பிடிக்கவில்லை, குழந்தையோடு வந்தவளுக்குத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். ஆனால் மூட்டைக்குப் பின்னால் கை போனதெல்லாம் களவு இல்லை.

அட்டன் ஆசிரியை

மேலே உள்ள எல்லோரும் வாங்கி வைப்பது சரியா பிழையா என்று பேசுகிறீர்கள். தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. 2022 செப்டம்பரில் ஒரு கிலோ கோதுமை மா 400 ரூபாய்க்குப் போனது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் கொழுந்து பறித்தால் கிடைப்பது இரண்டரைக் கிலோ மா, அதற்கு மேல் எண்ணெய், உப்பு, பஸ் காசு. எதை அடுக்கி வைப்பது?

நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இடைவேளையில் ஒரு பையன் பின்வாங்கில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவான். ஒருநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவித்த பலாக்கொட்டை, நாலைந்து இருக்கும், ஒரு கடதாசியில் சுற்றியிருந்தது. அந்தக் கடதாசி அவனுடைய கணக்குக் கொப்பியிலிருந்து கிழித்தது. நான் சிவப்புப் பேனாவால் போட்ட சரி அடையாளங்கள் ஈரத்தில் ஊறிப் பலாக்கொட்டையின் தோலில் ஒட்டியிருந்தன. அந்த நேரம் கொப்பி விலையும் தெரியும்தானே, கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த வருடம். கிழித்ததற்கு ஏசப் போகிறேன் என்று நினைத்து, "டீச்சர், அது முடிஞ்ச கணக்கு" என்றான்.

எங்கள் அம்மாயி 1974 பஞ்சத்தைப் பார்த்தவர். பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்று, தோட்டங்களில் ஆட்கள் பட்டினியில் செத்ததைப் பார்த்தவர். சாகும் வரை ஒரு சின்ன டின்னில் ஒரு பிடி மா வைத்திருப்பார், அதைத் தொட யாரையும் விடமாட்டார். சேமிப்பு என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

2022 மே 18 சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலில் 9,000 தொன் அரிசியும் 200 தொன் பால்மாவும் வந்தது. அதில் எங்கள் தோட்டத்துக்கும் கிடைத்தது. அனுப்பியவர்கள் யாராவது இதை வாசித்தால், அது வந்து சேர்ந்தது, அதை உலையில் போட்டோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மன்னார்க் கரை

சுருக்கமாக எழுதுகிறேன். 2022 மார்ச் 22 அன்று தனுஷ்கோடியில் போய் இறங்கிய முதல் ஆட்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கைக்குழந்தையோடு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, கரையோரக் காவல்படை வந்து மீட்டது. அதற்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பமும் ஒரு இரவில் போய்விட்டது.

போகும் முன் அந்த அக்கா என் மனைவியிடம் ஒரு பொலித்தீன் பை தந்தா. அரைக் கிலோ பருப்பு, கொஞ்சம் நெத்தலிக் கருவாடு, பாதிச் சரை மஞ்சள்தூள். "இதைப் பாவியுங்கோ, எங்களுக்கு இனித் தேவையில்லை" என்றா. அம்மாவின் வீட்டுக்குப் போகிறார்கள் போல என்றுதான் நாங்கள் நினைத்தோம். பருப்பு கிலோ அறுநூறைத் தொட்ட காலத்தில் யாரும் அப்படிப் பருப்பைத் தூக்கித் தரமாட்டார்கள். காலையில் வீடு பூட்டிக் கிடந்தபோதுதான் விளங்கியது. இப்போது மண்டபம் முகாமில் இருக்கிறார்கள், சுகம்.

சங்கக்கடைப் பழைய மனேஜர்

நான் கூட்டுறவில் இருந்தவன். 1970களில் அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. சோதனைச் சாவடியில் ஒரு கிழவியின் சேலைத் தலைப்பை அவிழ்த்து, மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோன அரிசியை நிலத்தில் கொட்டியதைப் பார்த்தேன். கோழி வந்து கொத்தியது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் வாங்கி வைப்பதைப் பற்றி எழுதுவதால் முறையைச் சொல்கிறேன். தட்டுப்பாடு வந்த பிறகு வாங்க ஓடுவதுதான் பதுக்கல். சாமான் தாராளமாக இருக்கும் மாதங்களில் ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ கூட வாங்குங்கள், யாருக்கும் குறையாது. அரிசியை வெயிலில் காயவைத்து, ஆறின பிறகு மூடியுள்ள வாளியில் போட்டு, செத்தல் மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். புதிதாக வாங்கியதை அடியில் போட்டுப் பழையதை மேலே எடுங்கள். பயறு, கடலை, உழுந்தையும் காயவைத்தே போத்தலில் அடையுங்கள், வண்டு வந்தால் முழுதும் போய்விடும். பச்சை மாவைக் கட்டி வைக்காதீர்கள். வறுத்து, அரித்து, ஆறவிட்டு ரின்னில் அடைத்தால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் நிற்கும். பால்மா பைக்கற்றை உடைத்தால் காற்றுப் புகாமல் மூடி, ஈரக் கரண்டி போடாமல் பாவியுங்கள்.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்கவே வேண்டாம். தண்ணீர் என்று பிள்ளைகள் குடித்துவிடும், ஆசுப்பத்திரியில் அப்படி வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். காஸ் சிலிண்டரைப் பூட்டியதும் சவர்க்காரத் தண்ணி பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், 2021 கடைசியில் எத்தனை வீட்டில் வெடித்தது என்பது ஞாபகம் இருக்கும். 1,493 ரூபாய்ச் சிலிண்டர் ஆறு மாதத்தில் 4,860 ஆன பிறகு எல்லோரும் விறகுக்குப் போனோம், ஆகவே வீட்டுக்குப் பின்னால் ஒரு அடுப்புக்கல் எப்போதும் இருக்கட்டும். வளவில் இரண்டு முருங்கை, நாலு மரவள்ளித்தடி. மரவள்ளியைத் திறந்த பானையில் அவித்துத் தண்ணியை ஊற்றிவிடுங்கள், அன்றைக்கு இஞ்சி சேர்க்காதீர்கள் என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். உப்பும் புளியும் கெடாது, அதை மட்டும் பயமில்லாமல் வாங்கி வைக்கலாம். அப்புறம் நெருப்புப்பெட்டி. எல்லோரும் மறப்பது அதைத்தான்.

வெள்ளவத்தை வாசி

கடைக்கார அண்ணை, உங்கள் கொப்பிக் கதையை இரண்டு தடவை வாசித்தேன். உங்களைப் போல ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பட்டியலை ஒளிக்காமல் கடை வாசலில் ஒட்டியிருந்தால், வான்காரர் கத்தியிருக்கவே முடியாது. ஒளித்து வைத்துச் செய்யும் நல்லதை வெளியில் நிற்கிறவர் எப்படி அறிவார்? அந்தப் பிள்ளையின் விசயத்தில் நான் கண்டது ஒளித்த பைக்கற் மட்டும்தான்.

மாமி, செத்தவீட்டுச் சீனிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான் சொன்னது ஒரேயடியாகப் பத்துப் பைக்கற் தூக்கியவர்களை.

வவுனியா கடைக்காரன்

ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் பெயரை வாசலில் ஒட்டினால் எந்த வீட்டில் பால்மா இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கணவன் வெளிநாட்டில், தனியே இருக்கிற தாய்மார் அதில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டேன், வேண்டாம் என்றார்கள்.

கொக்குவில் மாமி

சரியாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி.

மனேஜர் ஐயா, ஒடியலை விட்டுவிட்டீர்களே. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ரின்னில் போட்டால் அடுத்த பருவம் மட்டும் கிடக்கும், இடித்தால் மா. அட்டன் பிள்ளை, உங்கள் பள்ளிக்கூடத்து விலாசத்தை எனக்குத் தனியே அனுப்புங்கோ. இந்த வருசத்து ஒடியல் காய்ந்துவிட்டது, கொப்பிகளும் சேர்த்து அனுப்புகிறேன். பிட்டு அவிக்கும் முதல் மாவை நன்றாக ஊறவிட்டுக் கயர்ப்பை வடிக்க வேண்டும், செய்முறையை எழுதி உள்ளே வைக்கிறேன்.