இரண்டேகால் வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை

ரேவதி: எல்லோரும் கொஞ்சம் பாருங்கள். கவினுக்கு இரண்டேகால் வயதாகிறது, அம்மா, தாத்தா, பூ, இந்த மூன்றைத் தவிர வேறு வார்த்தை இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துகிறான், எனக்குப் புரியவில்லை என்றால் அலறிக்கொண்டே தரையில் தலையை முட்டுகிறான். நேற்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்துவிட்டான்.

பெரிய அத்தை: ஆண் பிள்ளை கொஞ்சம் லேட்டாகத்தான் பேசும் கண்ணு. பிரபுவே மூன்று வயதில்தான் வாயைத் திறந்தான். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவு.

பிரபு: நானும் அதைத்தான் சொல்கிறேன் அத்தை. காதும் நன்றாகக் கேட்கிறது, டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் எந்த ரூமில் இருந்தாலும் ஓடி வருகிறான்.

மதுரை சித்தி: மதினி, கோபித்துக்கொள்ளாதீர்கள், வசம்பு தடவிப் பேச்சு வராது. இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல்லையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். தானாகப் பேசிவிடும் பிள்ளைகளும் உண்டுதான், ஆனால் இவன் அந்த ரகமா என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யார் சொல்வது? பிரபு, பாட்டுக்கு ஓடி வருவதை வைத்துக் காதை முடிவு செய்யாதே. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் சத்தம் கேட்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது. முதலில் காது டெஸ்ட். பெரா என்பார்கள், தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பார்கள், வலிக்காது.

மதுரை சித்தி: ரேவதி, பெயர் சொன்னால் திரும்புகிறானா? நாய், காக்கா எதையாவது விரலால் காட்டிவிட்டு உன் முகத்தைப் பார்க்கிறானா?

ரேவதி: கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புவான். விரல் காட்டுவதே இல்லை சித்தி. கார் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். ஆட்டிசமோ என்று கூகுளில் படித்துப் படித்துத் தூக்கமே போய்விட்டது.

மதுரை சித்தி: கூகுளை மூடு. என்ன என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை தெரபியை நிறுத்தி வைக்கவும் வேண்டாம், பேச்சுப் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாம். நான் அங்கன்வாடியில் இருந்தபோது வருடத்துக்கு இரண்டு முறை டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கும், 2013இல் வந்த திட்டம், 18 வயது வரை உண்டு. அவர்கள் அனுப்புகிற இடம்தான் பெரியாஸ்பத்திரியில் இருக்கிற டி.இ.ஐ.சி., வளர்ச்சியில் பின்தங்குகிற பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பயிற்சி கொடுக்கிற மையம். பணம் வாங்க மாட்டார்கள்.

செல்வி அக்கா: என் மகளைச் சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு நடத்துகிற நிப்மெட்டுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தோம் ரேவதி. "சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்காதே, பிள்ளை இன்னும் மூடிக்கொள்ளும். டம்ளரில் கொஞ்சமாகப் பால் ஊற்றிக் கொடு, குடித்துவிட்டு உன்னைப் பார்க்கும்போது "இன்னும்" என்று நீ சொல்லி, கொஞ்சம் காத்திருந்து ஊற்று. அவன் கை நீட்டினாலும் அது பேச்சுதான், கொடுத்துவிடு. சைகை பழகினால் பேச்சு நின்றுபோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கடிப்பது, முட்டுவது எல்லாம் சொல்ல வார்த்தை இல்லாத ஆத்திரமாகவும் இருக்கலாம், அடிக்க மட்டும் அடிக்காதே.

பிரபு: போன் பார்ப்பதால்தான் இப்படியா அக்கா? சாப்பிடும்போது போன் இல்லாமல் வாயைத் திறக்கவே மாட்டான்.

செல்வி அக்கா: போன் மட்டுமே காரணம் என்று சொல்லி ரேவதியைக் குற்றவாளி ஆக்காதே. ஆனால் குறை. இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. போன் ஓடுகிற நேரம் நாம் அவனோடு பேசுவதில்லை, நஷ்டம் அங்கேதான்.

பிரபு: சரி. திங்கட்கிழமை லீவ் போடுகிறேன்.

பெரிய அத்தை: நானும் வருகிறேன், பிள்ளையை வைத்துக்கொண்டு ஓ.பி. வரிசையில் அவள் தனியாக நிற்க முடியாது.

மதுரை சித்தி: வாருங்கள் மதினி. ரேவதி, தடுப்பூசி அட்டையும் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டும் எடுத்து வா.

ரேவதி: பிறந்தபோது மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்கள், அந்தச் சீட்டும் இருக்கிறது சித்தி.

மதுரை சித்தி: அதை மறக்காமல் எடு. காது பார்க்கிறவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.