பொறிவண்டுகளிடையே வேற்றினப் புணர்ச்சி: கலைச்சொல் வேண்டுகிறேன்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அன்புடையீர், வணக்கம். உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாடு குறித்த பாடநூலின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சிற்றினத்தின் ஆண் பொறிவண்டு, வேற்றுச் சிற்றினப் பெண்ணைத் தன் இனமென்று கருதி முதுகில் ஏறிப் புணர்வதனால் அப்பெண்ணின் முட்டைகளில் பல பொரிக்காமல் போகின்றன. இதற்கு 'இனச்சேர்க்கைக் குறுக்கீடு' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

இலக்கண ஆசிரியர் எழுதியது:
ஒப்பாததில் வியப்பில்லை. இனச்சேர்க்கை என்றால் தன் இனத்தோடு சேர்தல். வேற்றினத்தோடு நேர்வதை அச்சொல்லால் குறித்தால் சொல்லே தன்னை மறுக்கும். எழுத்துப் புணர்ச்சிக்கு இலக்கணம் சொன்ன நன்னூலார் 'தன்னொடும் பிறிதொடும்' என்று இரண்டையும் அடக்கினார். புணர்ச்சி, புணர்ப்பு, மரங்களைப் பிணைத்துச் செய்யும் புணை, அலைகள் கூடும் கடலாகிய புணரி என்று இந்த வேர் பரந்தது. பொருந்தாக் காமத்துக்குத் தொல்காப்பியம் தந்த பெயரும் கையில் இருக்கிறது: 'பெருந்திணைப் புணர்ச்சி' என்று வைக்கலாமே.

பூச்சியியல் ஆசிரியர் எழுதியது:
ஐயா, 'புணர்ச்சி' சரி. 'பெருந்திணை' மாணவர்க்கு விளங்காது. அதோடு, பொருந்தாமையைச் சொல்லும் அப்பெயர் அதனால் விளையும் கேட்டைச் சொல்லவில்லை. ஜப்பானில் ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற பொறிவண்டு பல செடிகளில் பலவகை அசுவினிகளை, அதாவது செடிச்சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளை, தின்கிறது. அதன் நெருங்கிய உறவான ஹார்மோனியா யெடோயென்சிஸ் பைன் மரத்தோடு நின்றுவிடுகிறது. பைன் அசுவினியோ விரைந்து நடந்து தப்புவது. புதிதாய்ப் பொரித்த பொறிவண்டுப் புழுவுக்கு அதைப் பிடிப்பது அரிது. ஆய்வகத்தில் வேறு அசுவினிகளைக் கொடுத்தால் இப்புழு நன்றாகவே வளர்கிறது. ஆகவே அது பைனோடு நின்றுவிடுவதற்கு இரையின் தரம் மட்டும் காரணமன்று. ஆக்சிரிடிஸ் ஆண்கள் மிகுந்த கூட்டத்தில் யெடோயென்சிஸ் பெண்ணின் முட்டைகள் பொரிப்பது குறைகிறது. மறுதலையாக ஆக்சிரிடிஸ் பெண்ணுக்கு அவ்வளவு கேடில்லை. இந்த ஒருபக்கத் தன்மை சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

வேளாண் விரிவாக்க அலுவலர் எழுதியது:
என் கவலை வேறு. இனக்கவர்ச்சி மணத்தை வயலெங்கும் பரப்பி, ஆண் அந்துப்பூச்சி பெண்ணைக் கண்டடையாதபடி நாமே செய்யும் கட்டுப்பாட்டு முறை ஒன்று உண்டு. அதையும் இதையும் 'புணர்ச்சித் தடை' என்று எழுதினால், பொறிவண்டுக்கும் நாம் அப்படி ஏதோ செய்கிறோம் என்று உழவர் எண்ணுவார். 'தடை' வேண்டவே வேண்டாம். 'குறுக்கீடு' பழகிய சொல், அதையே வையுங்கள்.

பூச்சியியல் ஆசிரியர் எழுதியது:
குறுக்கீடு இயற்பியலில் அலைகளுக்கு வழங்குகிறது. அங்கே இரண்டு அலைகளுக்கும் ஒத்த பங்கு உண்டு; இங்கே கேடு பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கே.

இலக்கண ஆசிரியர் எழுதியது:
அப்படியானால் 'இடையூறு'. 'ஊறு' என்பதற்குத் துன்பம் என்றும் பொருள், தொடு உணர்வு என்றும் பொருள்; 'சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்' என்ற குறளில் தொடு உணர்வே ஊறு. ஆண் வண்டு பெண்ணைத் தொட்டு அறிகிறது என்றால், இரு பொருளும் ஒரு சொல்லில் அமைகின்றன.

பூச்சியியல் ஆசிரியர் எழுதியது:
பெண்ணின் மேலுறையில் உள்ள மெழுகுப் பொருள்களைத் தொட்டே ஆண் தன் துணையை அறிகிறது. அந்த அறிதல் முழுமையாக அமையாதபோதுதான் இச்சிக்கல் பிறக்கிறது. 'இடையூறு' எனக்கு உடன்பாடே.

விரிவாக்க அலுவலர் எழுதியது:
'ஊறு' பற்றிய விளக்கம் அழகாக இருக்கலாம். பாடநூலைப் படிப்பவர் அதைக் காணமாட்டார். 'இடையூறு' என்றால் யாரோ வேண்டுமென்றே செய்வதுபோல் ஒலிக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
நேரம் இல்லாமையால் பெரும்பான்மையை ஏற்று 'வேற்றினப் புணர்ச்சி இடையூறு' என்று அனுப்புகிறேன். ஒருபக்கமாக நிகழ்வதைக் குறிக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'ஒருதலை' என்ற அடை சேர்ப்பேன். அலுவலர் ஐயா கேட்டபடி, மணம் பரப்பும் முறையிலிருந்து இது வேறு என்பதை முதல் முறை வரும் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதுகிறேன்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:
'ஒருதலை' என்பதற்கு உறுதி, ஐயமின்மை என்ற பொருளும் உண்டு. இங்கே அது மயக்கம் தரும்.