டிரெயின் ஆர்டர்: அமெரிக்க சிங்கிள் லைனில் எப்படி நடந்தது, ஏன் போனது

டிரெயின் ஆர்டர் (டைம்டேபிளை மாற்ற வண்டிக்குக் கொடுக்கும் எழுத்து உத்தரவு) என்றதும் நம்மூர் ரயில் ஆர்வலர்கள் பலர் அதை டோக்கனோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். சிங்கிள் லைனில் எதிரெதிரே வரும் வண்டிகள் முட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டுக்கும் வேலை. ஆனால் அஸ்திவாரம் வேறு. நம்மூரில் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் (பாதை காலி என்ற ஒப்புதல்) கொடுத்தால்தான் கருவியிலிருந்து டோக்கன் உருண்டை வெளியே வரும்; அது கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்டர் முறையில் அந்தப் பூட்டே கிடையாது. அங்கே அப்போது டைம்டேபிள்தான் அதிகாரம்.

அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வகுப்பு உண்டு. கீழ் வகுப்பு மேல் வகுப்புக்கு ஒதுங்க வேண்டும். ஒரே வகுப்பு என்றால், டைம்டேபிள் எந்தத் திசைக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறதோ அந்தத் திசை வண்டி உரிமையில் பெரியது. அட்டவணையில் இல்லாத 'எக்ஸ்ட்ரா' வண்டி எல்லாவற்றுக்கும் கீழே. மேல் வகுப்பு வண்டியின் நேரத்துக்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பே கீழ் வண்டி லூப்பில் (ஒதுங்கும் பக்கப் பாதையில்) ஏறி மெயின் லைனை விட்டிருக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமான வண்டி தன் அட்டவணை உரிமையையே இழந்துவிடும்.

பெரிய வண்டி தாமதமானால் சின்ன வண்டி காத்தே கிடக்கும். அதை உடைக்கத்தான் 1851 இல் ஈரி ரயில்ரோட்டின் சூப்பரிண்டெண்டெண்ட் சார்லஸ் மைனட் தந்தியில் உத்தரவு அனுப்பினார். அங்கே பிறந்ததுதான் டிரெயின் ஆர்டர்: டைம்டேபிளை இந்த ஒரு முறைக்கு மட்டும் மாற்றும் தாள். இதில் ஒன்றை மறக்கக்கூடாது. ஆர்டர் கைக்கு வரவில்லை என்பதற்காக வண்டி நிற்காது. டைம்டேபிள்படி போய்க்கொண்டே இருக்கும்.

* * *

எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதுகாப்பு முழுக்க அதில்தான் இருந்தது.

டிஸ்பாட்சர் (அந்தப் பகுதியின் எல்லா வண்டிகளையும் ஓரிடத்திலிருந்து நடத்துபவர்) முதலில் 'முப்பத்தொன்று, மூன்று காப்பி', அதாவது ஃபார்ம் 31 இல் மூன்று பிரதி, என்பது போலக் கூப்பிடுவார். ஸ்டேஷனில் ஆர்டரை எழுதி எடுக்கும் ஆபரேட்டர் உடனே அங்குள்ள கைகாட்டியை 'நில்'லில் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வார்த்தைகூட வராது. கைகாட்டி 'போகலாம்' என்று இறங்கியிருக்கும்போது ஆர்டர் எழுத ஆரம்பித்தால், அதே நேரம் வண்டி ஓடிப் போய்விடலாம்.

பிறகு டிஸ்பாட்சர் சொல்லச் சொல்ல, சம்பந்தப்பட்ட எல்லா ஸ்டேஷன்களும் ஒரே நேரத்தில் எழுதும். மெல்லிய, வெளிச்சம் ஊடுருவும் தாள்கள். நடுநடுவே இரண்டு பக்கமும் மை உள்ள கார்பன். பேனாவோ பென்சிலோ அல்ல, கூர்மையான ஸ்டைலஸ். அழுத்தி எழுதினால் ஐந்தாறு பிரதி ஒரே நேரத்தில் விழும். ராத்திரி இன்ஜின் கேபினில் ஃபயர்பாக்ஸ் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலே படிக்கலாம். அடித்தல், திருத்தல், இடைச்செருகல் எதற்கும் அனுமதி இல்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு ஆபரேட்டரும் முழுதாகத் திருப்பிப் படிப்பார். டிஸ்பாட்சர் தன் ஆர்டர் புத்தகத்தில் அந்தந்த வார்த்தையின் கீழே கோடு போட்டுக்கொண்டே வருவார். எண்களை முழுதாகவும் சொல்ல வேண்டும், எழுத்தெழுத்தாகவும் சொல்ல வேண்டும். எந்த வண்டியின் உரிமை குறைக்கப்படுகிறதோ, ஆர்டர் அனுப்புவதில் அதற்குரிய ஸ்டேஷனுக்கு முதல் இடம்.

ஃபார்ம் 31 என்றால் வண்டி நின்று, கண்டக்டர் கையெழுத்துப் போட்டு (அங்கே கண்டக்டர்தான் வண்டிக்குப் பொறுப்பாளர், நம்மூர் கார்டை விட அதிகாரம் அதிகம்), அந்தப் பெயரை டிஸ்பாட்சருக்கு அனுப்பிய பிறகே, ஆர்டர் செல்லும் என்று உறுதியாக்கும் 'கம்ப்ளீட்' நேரம் கிடைக்கும். ஃபார்ம் 19 க்குக் கையெழுத்து வேண்டாம். திருப்பிப் படித்தாலே கம்ப்ளீட். ஓடும் வண்டிக்கு 19 ஐத்தான் நீட்டுவார்கள். கூடவே கிளியரன்ஸ் தாள் ஒன்று போகும்; அதில் இந்த வண்டிக்குரிய ஆர்டர் எண்கள் எல்லாம் இருக்கும். கையில் வந்த தாள்களை அந்த எண்களோடு ஒத்துப் பார்ப்பது டிரைவரின் முதல் வேலை.

அமெரிக்க ரயில்வேக்களின் பொது விதிநூலான பழைய ஸ்டாண்டர்ட் கோடைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம்: மாதிரி ஆர்டர்களில் வண்டிகள் பம்பாயிலும் ஹாங்காங்கிலும் கிராஸிங் செய்யும் (எதிரெதிரே வந்து ஒன்றையொன்று கடக்கும்).

* * *

மேலே 19 ஐ ஓடும் வண்டிக்கு நீட்டுவது பற்றி வந்ததால், அதற்குப் பயன்பட்ட வளையத்தைச் சேர்க்கிறேன். ஆரம்பத்தில் அது மரத்தையோ பிரம்பையோ வளைத்துச் செய்த பெரிய வளையம், நீண்ட பிடியோடு. தாளை அதன் கிளிப்பில் செருகி, தண்டவாளத்தை ஒட்டி நின்று ஆபரேட்டர் உயர்த்திப் பிடிப்பார். இன்ஜினில் இருப்பவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கி, தாளை எடுத்துக்கொண்டு வளையத்தைக் கீழே எறிவார். அதைத் தேடி ஆபரேட்டர் பாதையோரம் நடக்க வேண்டும். பிறகு வந்த கவட்டைக் கம்பில் அந்தத் தொல்லை இல்லை: இரண்டு கிளைகளுக்கு நடுவே நூலைக் கண்ணிபோல மாட்டி, முடிச்சில் தாளைச் செருகினால், நூலும் தாளும் மட்டும் போகும், கம்பு கையிலேயே நிற்கும்.

இதில் தவறுவது எங்கே? ஒரு வண்டிக்கு இரண்டு தாள்: ஒன்று இன்ஜினுக்கு, ஒன்று கடைசியில் உள்ள கபூஸில் இருக்கும் கண்டக்டருக்கு. இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டு, நூறு வேகன் முகத்துக்கு நேரே ஓடும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அவிழ்ந்து தொங்கும் பட்டையோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கோ ஆளை அடித்துவிடும். ராத்திரி விளக்கை நூலுக்குப் பக்கத்தில் பிடிக்காவிட்டால் மேலே இருப்பவருக்குக் கண்ணி தெரியாது. பிடி தவறினால் வண்டி நின்றே ஆக வேண்டும். கனமான சரக்கு வண்டியை மறுபடி கிளப்புவது லேசான காரியமல்ல.

* * *

இவ்வளவு கட்டுப்பாடும் எப்படி ஓட்டையாகும் என்பதற்கு 1950 நவம்பர் 21, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கனூ ரிவர் விபத்து போதும். கொரியப் போருக்கான கனடா ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே ஒரு எக்ஸ்ட்ரா வண்டி. கிழக்கே கனடியன் நேஷனலின் 2 ஆம் நம்பர். ஆர்டரின்படி எக்ஸ்ட்ரா வண்டி 2 ஐ சிடார்சைடிலும், 4 ஆம் நம்பரைக் கோஸ்னெலிலும் கிராஸ் செய்ய வேண்டும். எக்ஸ்ட்ரா வண்டியின் கையில் இருந்த தாளில் 'சிடார்சைடில்' என்பது மட்டும் இல்லை.

அந்தச் சொல் இல்லாமல் படித்துப் பாருங்கள்: '2 ஐயும் 4 ஐயும் கோஸ்னெலில் கிராஸ் செய்யவும்.' குறையே தெரியாத வாக்கியம். ஊர்ப் பெயர் அரைகுறையாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். இது பிழையில்லாத, முழுமையான, தவறான உத்தரவாகிவிட்டது. வண்டி சிடார்சைடைத் தாண்டிப் போனது. 21 பேர் இறந்தார்கள், 17 பேர் வீரர்கள். ஆபரேட்டர் மீது வழக்கு நடந்தது. பின்னாளில் பிரதமரான ஜான் டிஃபன்பேக்கர் அவருக்காக வாதாடினார், விடுதலை கிடைத்தது.

ஒரே ஆர்டரில் இரண்டு கிராஸிங்கை அடுக்கியதுதான் இதில் எனக்கு உறுத்துவது. இரண்டு தனி ஆர்டராகப் போயிருந்தால், ஊர் விட்டுப்போன ஆர்டர் பார்த்ததுமே பல்லிளித்திருக்கும்.

* * *

ஏன் போனது என்பதற்குப் பலரும் கம்ப்யூட்டரைக் காரணம் காட்டுகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே ஆள்செலவு ஆரம்பித்துவிட்டது. இரவு பகல் திறந்திருக்கும் ஆபீஸில் ஆர்டர் எடுக்கும் ஆபரேட்டர் 24 மணி நேரத்தில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று 1907 இல் அமெரிக்கச் சட்டம் வந்தது. ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று பேர் தேவை. தந்தி தெரிந்தவர்கள் அவ்வளவு கிடைக்கவில்லை. டிஸ்பாட்சிங் தொலைபேசிக்கு மாறியதற்கு இது பெரிய உந்துதல்.

அடுத்தது சி.டி.சி. (சென்ட்ரலைஸ்ட் டிராஃபிக் கன்ட்ரோல்). 1927 இல் நியூயார்க் சென்ட்ரல், ஒஹையோவில் ஸ்டான்லி முதல் பெர்விக் வரை, ஒரே பலகையிலிருந்து பாயிண்டையும் (பாதை மாற்றியையும்) சிக்னலையும் இயக்கியது. அங்கே தாளுக்கு வேலை இல்லை, சிக்னலே உத்தரவு. போக்குவரத்து அதிகமான பாதைகளுக்கு இது கட்டுப்படியானது. நாளைக்கு நாலு வண்டி ஓடும் பாதைக்குக் கட்டுப்படியாகவில்லை, அங்கே ஆர்டர் இன்னும் பல பத்தாண்டு நீடித்தது.

அந்தப் பாதைகளில் ஆர்டரை முடித்துவைத்தது ரேடியோ. டிஸ்பாட்சர் வண்டியிலேயே பேச முடியுமென்றால் நடுவில் ஸ்டேஷன் எதற்கு, ஆபரேட்டர் எதற்கு? 1980களில் டிராக் வாரண்ட் பரவியது. அச்சடித்த படிவத்தில் எண்ணிட்ட பெட்டிகள்; 'இங்கிருந்து இதுவரை போகலாம்' என்பது 2 ஆம் பெட்டி. டிஸ்பாட்சர் ரேடியோவில் சொல்ல, வண்டியில் இருப்பவர் எழுதி, திருப்பிப் படித்து, ஓகே நேரம் வாங்குவார். இரண்டு வாரண்ட் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் டிஸ்பாட்சரின் கம்ப்யூட்டர் தடுக்கும். அந்தக் காலத்தில் அதைப் பிடிக்க டிஸ்பாட்சரின் தலையும் ஆர்டர் புத்தகமும்தான்.

ஆர்டர் வராவிட்டாலும் வண்டி நிற்காது என்று தொடக்கத்தில் சொன்னது இங்கே முக்கியம். வாரண்டில் வகுப்பும் இல்லை, பெரிய திசையும் இல்லை. தாள் இல்லையா, வண்டி நகரக்கூடாது. பழைய முறையில் மறந்துபோன ஆர்டர் விபத்து. இப்போது மறந்துபோன வாரண்ட் வெறும் தாமதம். ஆர்டர் முறையின் நேர்த்தி மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒன்றுக்காகவே அது போனது சரிதான். போனதில் இழந்ததும் உண்டு. கபூஸில் கண்டக்டர் வைத்திருந்த இரண்டாவது பிரதி, ஒரே கம்பியில் கேட்டுக்கொண்டிருந்த மற்ற ஆபரேட்டர்களின் காது, ஓடும் வண்டியில் சூடேறிப் புகையும் அச்சுப்பெட்டியை (சக்கர அச்சின் தாங்கியை)ப் பார்த்துச் சொல்லும் ஸ்டேஷன் ஆள், மூன்றும் சேர்ந்தே போயின.

* * *

ஒரு திருத்தம். 'தாள் இல்லாவிட்டால் நகரக்கூடாது' என்பது வாரண்ட் படிவத்தின் 7 ஆம் பெட்டி வரும்வரைதான் முழு உண்மை. 'இன்ன வண்டி வந்து சேர்ந்த பிறகே செல்லும்' என்று அதில் எழுதினால், தாள் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும், உரிமை மட்டும் பின்னால் வரும். லூப்பில் நிற்கும் டிரைவர் எதிர் வண்டியின் இன்ஜின் எண்ணைக் கண்ணால் சரிபார்த்த பிறகே கிளம்ப வேண்டும். இங்கே மறதிக்கு மறுபடி இடம் உண்டு. 2004 மே மாதம் டெக்சாஸின் கன்டர் அருகே நடந்த மோதல் இந்த வகைதான். அதன் பிறகு, சிக்னலும் வண்டியைத் தானாக நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாத பாதைகளில் இந்தப் பெட்டியைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.