‘அ கப்பெல்லா’ என்றால் வாத்தியமே கூடாதா?

நொய்யல்கரை:
கோவையில் ஒரு தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கு வந்த அழைப்பிதழில் ‘அ கப்பெல்லா பாடல்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தால் முதல் பாட்டிலிருந்தே கீபோர்டு ஒலித்தது. குரல்கள் மட்டுமே சேர்ந்து பாடுவதற்குத்தான் அந்தப் பெயர். பாடகர் குழு நன்றாகவே பாடியது. என் குறை அச்சிட்ட சொல்லின் மேல்தான்.

பவானிக்கூடல்:
ஐயா, அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கிறீர்கள். அந்த இத்தாலியத் தொடருக்குச் ‘சிற்றாலயத்தின் முறைப்படி’ என்பதுதான் நேர்ப்பொருள். வாத்தியத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. பிரான்சின் தூர் நகரத்துப் புனித மார்ட்டின் குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தம் மேலாடையைப் பாதியாக வெட்டிக் கொடுத்தார் என்பது மரபுக் கதை. அவருடையது என்று போற்றப்பட்ட அந்த ஆடைக்கு இலத்தீனில் வழங்கிய ‘கப்பெல்லா’ (சிறு போர்வை) என்ற பெயர், அதைக் காத்துவந்த வழிபாட்டு இடத்துக்கும், பிறகு சிற்றாலயங்கள் எல்லாவற்றுக்கும், கடைசியில் அங்கே இசைத்த குழுவுக்குமே ஆகிவந்தது. ஜெர்மானியர் ‘கபெல்லே’ என்றால் வாத்தியக் குழுவையும் குறிப்பார்கள். 1548இல் தொடங்கிய திரெஸ்தென் நகர அரசவைக் குழு இன்று அதே பெயரோடு முழு ஆர்க்கெஸ்ட்ராவாக இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் ஆலயப் பாடல்களைக்கூடப் பல இடங்களில் ஆர்கனும் ஊதுகருவிகளும் குரலைத் தொடர்ந்துவரவே பாடினார்கள். வாத்தியம் கூடாது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் அழுத்தமாக நிலைபெற்றது.

நொய்யல்கரை:
வேர் வேறு, வழக்கு வேறு. எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. அதற்காகக் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் ஆலைக்குள் போய் ‘இதில் எள் எங்கே?’ என்று கேட்பீர்களா? மேலும், இந்தப் பொருள் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப்பின் பாடகர்கள் ஆர்கன்கூட இல்லாமல் பாடினார்கள். 1594இல் மறைந்த இத்தாலிய இசையமைப்பாளர் பாலெஸ்த்ரினாவின் பல்குரல் இசையை அந்த முறையின் உச்சமாகப் பிற்காலத்தார் கொண்டாடியபோது, ‘சிற்றாலய முறை’ என்பதே ‘வாத்தியமில்லா முறை’ என்றாகிவிட்டது.

ஈரோட்டு ஆல்டோ:
இருவருமே பாடுகிறவர்களாகத் தெரியவில்லை. பதினைந்து ஆண்டுகளாகக் குழுவில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். சுருதி எடுக்க உதவும் சிறு ஊதுகுழலான பிட்ச் பைப்பில் ஒரு சுரத்தை ஊதி எடுத்துக்கொண்டு நான்கு குரலும் தொடங்குகிறோம்; மூன்றாம் சரணம் முடிந்து அதே பைப்பை ஊதிப் பார்த்தால், யாருக்கும் தெரியாமல் அரைச் சுரம் இறங்கியிருப்போம். கீபோர்டு இருந்தால் அந்தப் பயம் இல்லை. ஆகவே இந்தச் சொல் எங்களுக்கு ஒரு வாக்குறுதி. அதை அச்சிட்டுவிட்டுக் கீபோர்டைத் திறப்பது சரியல்ல.

பவானிக்கூடல்:
அக்கா சொல்வதை ஏற்கிறேன். இன்றைய வழக்கில் அழைப்பிதழ் தவறுதான். ஆனால் தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘வாய்ப்பாட்டு’ என்றால் வயலினும் மிருதங்கமும் உடன்வரும் கச்சேரிதான் நினைவுக்கு வரும்.

நொய்யல்கரை:
‘கருவியில்லாப் பாட்டு’ என்று எழுதலாமே.

சோமனூர்த் தறி:
அது நம் மரபுக்கே முரண். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று வகுத்தவர்கள் மிடற்றுக்கருவி என்றும் ஒன்றைச் சேர்த்தார்கள்; தொண்டையே கருவி என்றான பிறகு கருவியில்லாப் பாட்டு ஏது? எங்கள் பங்கில் பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்ததும் மணியும் ஆர்மோனியமும் அடங்கிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவு வரை வெறும் குரல்தான். அதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘பக்கவாத்தியம் இல்லாமல் பாடுவது’ என்றே சொல்வார்கள். மிடறு கருவிதான்; ஆனால் அது பக்கவாத்தியம் ஆகாது. இதைவிடச் சரியான தொடர் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நொய்யல்கரை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டின் நடுவே கை தட்டினால்?

ஈரோட்டு ஆல்டோ:
மேல்நாட்டுக் குழுக்களும் கை தட்டி, விரல் சொடுக்கி, வாயாலேயே தாளம் போட்டு, அதையும் அ கப்பெல்லா என்றே சொல்கின்றன. நம் பக்கத்துக் கும்மியில் கைகொட்டுவதைப் பக்கவாத்தியம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கை தட்டட்டும், கீபோர்டைத்தான் மூடிவைக்க வேண்டும்.