சித்திரை வெயில்ல தேரி மணல் ரைடு: கிளட்ச் கருகுன வாடை, கூட வந்தவனும் சாஞ்சுட்டான், என்ன செய்ய?

பாளைப்பய_200:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நமக்கு பாளையங்கோட்டை. வண்டி 200 சிசி ஆஃப்ரோடு, ஏர் கூலிங்தான், முன்னாடி சின்னதா ஒரு ஆயில் கூலர் உண்டு. வாங்கி எட்டு மாசம் ஆவுது. மழைக்காலத்துல களக்காடு பக்கம் தோட்டத்துப் பாதையிலயும் கொளத்தாங்கரையிலயும் ஓட்டித்தான் பழகுனேன், அப்ப ஒரு பிரச்சனையும் வரல.

போன ஞாயித்துக்கிழமை மூணு பேரு தேரிக்கு, அதான் திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் காட்டுக்குப் போனோம். நிதானமா டிபன முடிச்சிட்டு எட்டரைக்கு கெளம்பி ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வழியா போயி மணல்ல எறங்கும்போது மணி பத்தேமுக்கா. மொத பத்து நிமிசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் முன் வீலு மணலுக்குள்ள சொருக ஆரம்பிச்சிட்டு, நான் பாதி கிளட்ச்ச புடிச்சுக்கிட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்க, கருகுன வாடை வருது, வண்டி கத்துது ஆனா நகரல. இன்ஜின் பக்கத்துல கால வைக்க முடியல, அப்படி ஒரு அனல்.

இதுக்கெடையில கூட வந்த ஒருத்தன் ஒரு ஒடமரத்து நெழல்ல போயி உக்காந்தான். வாந்தி எடுத்தான். அப்புறம் "ஏல சாவி எங்கல, சாவி எங்கல"ன்னு மூணு வாட்டி கேக்கான், சாவி அவன் கையிலதான் இருக்கு. நாங்க சிரிச்சிட்டோம். தண்ணி குடுத்து, ஒரு மணி நேரம் உக்கார வச்சி, மெல்ல கூட்டிட்டு வந்தோம்.

கேள்வி இதான். வண்டிய சூடாவாம பாத்துக்க என்ன வழி? இந்த வெக்கையில ஜாக்கெட் போடணுமா, இல்ல அதுதான் ஆள அவிச்சிட்டா? இல்ல பேசாம ஆவணி வரைக்கும் வண்டிய மூடி வச்சிரட்டுமா?

தேரிக்காட்டான்:
தம்பி, பத்தேமுக்காலுக்கு தேரிக்குள்ள எறங்குனேன்னு சொல்லுத பாத்தியா, உன் கேள்வி மூணுக்கும் பதிலு அதுலயே இருக்கு. எங்க தாத்தா பனையேறி. காலையில நாலரைக்கு பனைவிளைக்கு (பனந்தோப்புக்கு) போனாருன்னா ஒம்பது மணிக்கு மேல ஒரு மரத்துல ஏற மாட்டாரு, திரும்ப சாயங்காலம் வெயிலு தாந்த பொறவுதான். வெயில்லயே பொறந்து வெயில்லயே வளந்த ஆளுக்கே அந்தக் கணக்கு, நீ ஏசி ரூம்ல இருந்து எந்திச்சு வந்து உச்சி வெயில்ல மணல உழுதுட்டு இருக்க.

மணலுக்கும் நேரம் உண்டு. விடியக்காலம் பனி எறங்கி மேல் மணலு லேசா ஈரம் புடிச்சிருக்கும், டயரு ஏறி மெதந்து போவும். எட்டு மணி வெயிலு ஏறுனதும் அந்த ஈரம் போயிரும், அப்புறம் கோதுமை ரவையில ஓட்டுத மாதிரிதான். அதே தடம், அதே வண்டி, ஆனா ரெண்டு மடங்கு முறுக்கணும். இன்னொண்ணு, வைகாசிக்கு மேல மேக்காத்து புடிச்சுட்டுன்னா மணலு எடம் மாறிரும். போன மாசம் கெட்டியா கெடந்த வண்டித்தடம் இந்த மாசம் மொழங்கால் அளவு புதையும், ஜிபிஎஸ்ல பழைய கோட்ட வச்சிக்கிட்டு கண்ண மூடிட்டு போயிராத.

டயர் காத்து எவ்வளவு வச்சிருந்தன்னு நீ சொல்லல. ரோட்டுக்கு வச்ச காத்தோட எறங்கியிருப்ப, அதான் சொருகியிருக்கு. மணலுக்கு 16ல இருந்து 18 பிஎஸ்ஐ போதும். அதுக்கும் கீழ எறக்குனா டயரு ரிம்முல வழுக்கி டியூப் வால்வ பிச்சிரும், டயர ரிம்மோட இறுக்கிப் புடிக்கிற ரிம் லாக் போட்டிருந்தாதான் அதுக்கு துணியணும். காலையில குளிர்ந்த டயர்ல பாக்கணும், வெயில்ல ஓடுன டயர்ல அளந்தா கூடத்தான் காட்டும், ஒம்பது, பத்து டிகிரி சூட்டுக்கு ஒரு பிஎஸ்ஐ ஏறும்னு தோராயமா வச்சிக்க. தார் ரோடு ஏறும்போது மறக்காம திரும்ப அடிச்சிரு, ஒரு கை பம்பு பையில கெடக்கட்டும்.

ஒரு விசயம் கோவப்படாம கேளு. குதிரைமொழித் தேரியில பெரும்பகுதி காப்புக்காடு, வனத்துறை எடம். அதுக்குள்ள வண்டிய விட்டு வட்டமடிச்சா கேசுதான். அத சுத்தி பட்டா நெலமும் பனைவிளையும் கொல்லாமரத் (முந்திரி) தோப்பும் கெடக்கு, ஊர்ல யாரையாவது கேட்டு, விளைக்காரர்ட்ட சொல்லிட்டு வண்டித்தடத்துல ஓட்டு. நாலுமாவடி, காயாமொழி பக்கம் டீக்கடையில ரெண்டு வார்த்தை பேசுனா ஆளே வழிகாட்டிரும்.

சூட்டுக்கோல்:
எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி? எங்க ஊரு பெருசு பழைய டிவிஎஸ் எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் பயினி (பதநீர்) கேன கட்டிக்கிட்டு, சாரத்த மடிச்சுக் கட்டி, செருப்புக் காலோட அந்த மணல்ல போறாரு. ஜாக்கெட்டும் பூட்டும் போட்டா வேர்த்தே செத்துருவ மக்கா, பனியன் போதும்.

தேரிக்காட்டான்:
அந்தப் பெருசு பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போறாரு, எந்த எடத்துல பள்ளம், எந்த எடத்துல முள்ளுன்னு காலுக்கே தெரியும், அது மட்டுமில்ல எக்ஸெல்லு வெயிட்டும் கம்மி. நீயும் அவர மாதிரி போறதா இருந்தா பனியனோட போ.

மணல்ல விழுந்தா அடி படாதுன்னு எல்லாரும் நெனைக்கானுவ. மணலு சும்மா இருக்கும், அதுமேல கெடக்க காஞ்ச பனை மட்டை சும்மா இருக்காது. மட்டையோட ரெண்டு ஓரத்துலயும் கருக்கு இருக்கு பாத்தியா, ரம்பப் பல்லு மாதிரி, கெண்டைக்கால்ல ஒரு இழுப்பு இழுத்துச்சுன்னா தையலு போடணும். என் கால்ல தழும்பு இன்னும் கெடக்கு. ஒடமுள்ளு செருப்ப தொளைச்சு பாதத்துக்கு வரும். பூட்டு கட்டாயம்.

முறுக்குனவன்_மெக்கானிக்:
ஜாக்கெட் சண்டைய நீங்க பாத்துக்கிடுங்க, நான் வண்டிக்கு வாரேன்.

உங்க வண்டி சூடானதுக்கு வெயிலு பாதி காரணம்தான். மீதி உங்க இடது கை. ஏர் கூலிங் வண்டிக்கு ஓடுற காத்துதான் தண்ணி, நீங்க ஒன்னாம் கியர்ல ஆறாயிரம் ஆர்பிஎம்ல பத்து கிலோமீட்டர் வேகத்துல போனா அதுக்கு காத்து எங்க இருந்து கெடைக்கும்? அதுலயும் காத்து முதுகுப் பக்கம் அடிக்கும்போது நீங்களும் காத்து வேகத்துலயே போனீங்கன்னா இன்ஜின் மேல காத்தே படாது. அந்த மாதிரி நேரம் தெசைய மாத்தி கொஞ்ச தூரம் காத்துக்கு எதிரா ஓட்டுங்க. நிக்கும்போதும் வண்டி மூஞ்சிய காத்துப் பக்கம் திருப்பி நிப்பாட்டுங்க.

கிளட்ச்: பாதி புடிச்சு பாதி விட்டு ஓட்டுனா பிளேட்டு எரியும். மணல்ல ரெண்டாம் கியர், எந்திச்சு நின்னு, இடுப்ப பின்னால தள்ளி, ஒரே சீரா ஆக்சிலேட்டர். முன் வீலு ஆடத்தான் செய்யும், ஆட விடுங்க, ஹேண்டில இறுக்கிப் புடிச்சா கீழ விழுவீங்க. பின் வீலு புதைஞ்சுட்டுன்னா முறுக்காதீங்க, குழிதான் ஆழமாவும். வண்டிய ஒரு பக்கமா மணல்ல சாச்சு படுக்கப் போடுங்க, வீலு குழிய விட்டு வெளிய வரும், குழிய காலாலயே தூத்துட்டு, நிமித்தி தள்ளுங்க. பெட்ரோல் மூடி டைட்டா இருக்கான்னு மட்டும் பாத்துக்கிடுங்க.

கிளட்ச் லிவர் பிடி மாறுனா, வாடை வந்தா, அங்கனயே ஆஃப் பண்ணிட்டு இருபது நிமிசம் நெழல்ல விட்டுருங்க. சூட்டு இன்ஜின்ல தண்ணிய மட்டும் ஊத்தீராதீங்க, நேத்து கூட ஒருத்தர் அந்தக் கோட்டித்தனம் பண்ணிட்டு வந்தாரு, கொதிக்கிற அலுமினியத்துல பச்சத்தண்ணி பட்டா வெடிப்பு விடும். உங்க வண்டியில கிளட்ச்சும் இன்ஜினும் ஒரே ஆயில்லதான் கெடக்கு, கிளட்ச் கருகுன தூளெல்லாம் அந்த ஆயில்லதான் மெதக்கும், அதனால கிலோமீட்டர் கணக்கு பாக்காம இப்பவே ஆயில மாத்துங்க.

ஏர் ஃபில்டர கழட்டிப் பாத்தீங்களா? தேரி மணலு மாவு மாதிரி, செவப்பா ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தேரி ரைடுக்குப் பொறவும் ஃபில்டர பாக்கணும். செயின்ல கொழகொழன்னு லூப் (செயினுக்கு அடிக்கிற எண்ணெய்) அடிச்சிட்டு மணலுக்குப் போனீங்கன்னா அது லூப் இல்ல, உப்புத்தாள். நல்லா தொடச்சிட்டு காஞ்ச செயினோட போங்க, வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டு கழுவிட்டு லூப் அடிங்க.

வார்டு_அக்கா:
எல்லாரும் கிளட்ச்ச பத்தியே பேசுதீங்க. அந்தப் பையன் சாவிய கையில வச்சிக்கிட்டே சாவி எங்கன்னு கேட்டான் பாருங்க, நீங்க சிரிச்சீங்க, எனக்கு படிக்கும்போதே வயித்த கலக்கிட்டு. தம்பி, அது வேடிக்கை இல்ல. வெயில்ல வேலை செஞ்ச ஒருத்தர் வாந்தி எடுத்து, கேட்டதையே திரும்பத் திரும்ப கேட்டா, நடை தள்ளாடுனா, பேச்சு கொழறுனா, மூளைக்கு சூடு ஏறியிருக்குன்னு வச்சிக்கணும். ஒடம்பு சூடு 40 டிகிரிக்கு மேல போனா அப்படி ஆவும். மேலு (ஒடம்பு) வேர்க்காம காஞ்சிருந்தாதான் ஹீட் ஸ்ட்ரோக்னு சிலரு நெனைச்சுட்டு இருக்காங்க, ஓடியாடி வேலை செஞ்சு வர்ற ஸ்ட்ரோக்ல வேர்வை கொட்டிக்கிட்டே இருக்கும், அத நம்பி ஏமாறக் கூடாது.

அந்த நேரம் செய்ய வேண்டியது: ஹெல்மெட், ஜாக்கெட், பூட்டு எல்லாத்தையும் உடனே கழட்டணும். கையில இருக்க தண்ணிய அவன் வாயில ஊத்தாதீங்க, மேல ஊத்துங்க. நெனவு தடுமாறுற ஆளுக்கு குடிக்கக் குடுத்தா பொரை ஏறிரும். துணிய நனைச்சு கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வச்சு, இன்னொருத்தர் விசிறணும். ஒருத்தர் 108க்கு கூப்புடணும். மொத ஆற வைக்கணும், வண்டி வர்ற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது. காய்ச்சல் மாத்திரை குடுக்காதீங்க, இதுக்கு அது கேக்காது.

ஜாக்கெட்டு பத்தி கேட்டீங்க. வெளிக்காத்து நம்ம தோல விட சூடா இருக்கும்போது, அதாவது 35, 36க்கு மேல, வெறும் மேல்ல காத்து பட்டா குளுராது, சூடுதான் ஏறும். வேர்வை காயணும், அதுதான் குளுரு. அதனால உள்ள பருத்தி பனியன நனைச்சுப் போட்டு மேல காத்து உள்ள போற வலை மாதிரி மெஷ் ஜாக்கெட் போடுங்க. ஆனா தேரி கடலுக்குப் பக்கம், அவிச்சல் ஜாஸ்தி, அன்னைக்கு வேர்வை காயாம வழிஞ்சிட்டே இருந்தா எந்த ஜாக்கெட்டும் காப்பாத்தாது, திரும்பிருங்க.

வெறும் தண்ணிய மட்டும் லிட்டர் கணக்குல குடிக்காதீங்க, உப்பும் வேணும். ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தா நல்லது, இல்லன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி. காலையில கெளம்பும்போது நீராகாரம் ஒரு செம்பு. ஒடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆவும், அதனால மொத ஞாயித்துக்கிழமையே வீரம் காட்டாதீங்க. அந்தத் தம்பிய ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டுங்க, கொஞ்ச நாளைக்கு வெயில்ல எறக்காதீங்க.

கல்லுபொறுக்கி:
சம்பந்தம் இல்லன்னாலும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன். சாயர்புரம், குதிரைமொழி பக்கத்துத் தேரியில கல்லாயுதக் காலத்து ஆளுங்க செஞ்ச சின்னச் சின்ன கல்லு அலகெல்லாம் கெடைச்சிருக்கு, 1956லயே அதப் பத்தி கட்டுரை வந்துட்டு. மணலு காத்துல வெலகுன எடத்துல பளபளன்னு வெள்ளைக் கல்லு சில்லு செதறிக் கெடந்தா அதுமேல வீலிங் போடாதீங்க, பொறுக்கிட்டும் வராதீங்க.

பாளைப்பய_200:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க எழுதுனத அவன்ட்ட அப்படியே காட்டுனேன், அவன் மொகம் போன போக்கப் பாக்கணும். டாக்டர்ட்ட காட்டியாச்சு, ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணிட்டு ஒரு மாசம் வெயில்ல போவக் கூடாதுன்னுட்டாரு. அவன வீட்ல விட்டுட்டு இன்னைக்கு நாங்க ரெண்டு பேரு மட்டும் போனோம்.

மூணேமுக்காலுக்கு கெளம்பி, அஞ்சரைக்கு மணல்ல. காத்து 17. நெசமாவே வேற வண்டி மாதிரி இருந்துச்சு, ரெண்டாம் கியர்லயே போச்சு, மொத அரைமணி நேரம் ஒருதடவ கூட கால ஊணல. முதுகுல மாட்டி கொழாய்ல உறிஞ்சிக் குடிக்கிற பைத் தண்ணி மட்டும் ஏமாத்திட்டு, ஏழரைக்கெல்லாம் கொழாய்ல நிக்க மொத வாய்த் தண்ணி வென்னி மாதிரி ஆயிருது, குடிச்சு முடிச்சதும் ஊதி திருப்பி உள்ள அனுப்பணும்னு பொறவுதான் புரிஞ்சுது.

எட்டே காலுக்கு திரும்புவோம்னு பாத்தா பின் டயரு காத்து போச்சு. ஒடமுள்ளு, என் சுண்டு வெரலு நீளம். நெழலே இல்லாத எடம். டியூப் மாத்தத் தெரியாம முழிச்சிட்டு நிக்கும்போது எக்ஸெல்ல ஒரு பெருசு வந்தாரு, சாரம், செருப்புக் காலு, ரெண்டு பக்கமும் கேனு. எறங்கி, ஒண்ணும் பேசாம, என் டயர் லிவர வாங்கி டயர கழட்டிட்டாரு. டியூப போடதுக்கு முன்னால டயருக்குள்ள வெரல விட்டு சுத்தித் தடவி இன்னொரு முள்ள எடுத்துக் காட்டுனாரு, அத விட்டிருந்தா அடுத்த டியூபும் போயிருக்கும். முடிச்சிட்டு ஓலைப் பட்டையில ஆளுக்கு ஒரு பட்டை பயினி குடுத்தாரு. காசு குடுத்தேன், வாங்கல. "எட்டு மணிக்கு மேல இங்க என்னல சோலி"ன்னு மட்டும் கேட்டாரு.

சூட்டுக்கோல்:
நான் சொன்ன பெருசுதான் அது!! பனியன் போட்டிருந்தாரா?

பாளைப்பய_200:
பனியனும் இல்ல அண்ணே, தோள்ல ஒரு துண்டு மட்டும்.

தேரிக்காட்டான்:
வைகாசி விசாகத்துக்கு முந்துன வாரம் மட்டும் இந்தப் பக்கம் வராத தம்பி, திருச்செந்தூர் ரோடு பூரா ராத்திரியில இருந்தே நடந்து போற சனம். அது முடிஞ்சு வா, அந்தப் பெருசோட விளையிலயே ஓட்டலாம், நான் கேட்டு வைக்கேன். எங்க மாமாதான் அவரு.