எங்கள் நடன டீச்சரின் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். கிளாஸ்கோவில் எங்களுக்கு ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனம் (ஜோடிஜோடியாகக் குழுவாக ஆடும் ஸ்காட்லாந்து நடனம்) சொல்லிக்கொடுத்த டீச்சர் போன மாதம் காலமாகிவிட்டார். 1923இல் இதே ஊரில் ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் தொடங்கிய ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனச் சங்கத்தின் முறைப்படிதான் கற்றுக்கொடுப்பார். ரீல், ஜிக் போன்ற வேகமான ஆட்டங்கள் எல்லாம் எனக்கு ஒருவழியாக வந்துவிட்டன. மெதுவாகப் போகும் ஸ்ட்ராத்ஸ்பேதான் இன்றும் காலை வாரிவிடுகிறது. அதற்கும் அவர் திட்டியதில்லை. ஆனால் கைகொடுக்கும்போது எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தால் போச்சு, முதலிலிருந்து ஆடவேண்டும்!

அவர் நினைவாக ஒரு நடன மாலை வைக்கிறோம். அந்தச் சங்கம் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் நடத்தும் கோடைப் பள்ளியில் அவரோடு ஆடியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? படம், கைப்பட எழுதிய நடனக் குறிப்பு, எதுவானாலும் சரி. அப்புறம், அக்கார்டியன் வாசிப்பவர் ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி. பதிவுசெய்த இசைக்கு ஆடுவது டீச்சருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.